இரண்டு சர்வர் வாங்கியாச்சு, அப்புறம்?

பெருந்துறையிலும் சத்தியிலும் கோவையிலும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் கன்ட்ரோல் ரூமில் உட்காரப் போகிற தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும் இதை எழுதுகிறேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலையிலேயே தலை நரைத்து, இப்போது கோபியில் தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் குடியிருக்கிறவன் நான். ஸ்கேடா என்றால் என்ன, பிஎல்சி என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். பாடத்தில் வராத ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். டெண்டரில் ‘சர்வர், 2 எண்ணம்’ என்று எழுதி, இரண்டு பெட்டியும் வந்து இறங்கிவிட்டால் ரிடண்டன்சி வந்துவிட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். வந்தது இரண்டாவது பெட்டி மட்டும்தான்.

இதை இப்போது எழுத வைத்தது அத்திக்கடவு-அவிநாசித் திட்டம். தேர்தலுக்குத் தேர்தல் பேச்சாகவே இருந்த தண்ணீர் 2024 ஆகஸ்ட் 17 அன்று நிஜமாகவே வந்தது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக அன்னூர் வரை ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 1.5 டிஎம்சி. குழாய் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அத்தனை குளத்துக்கும் ஆள் அனுப்பி வால்வு திருப்ப முடியாது என்பதால் கண்காணிப்பு முழுக்க ஸ்கேடாவில்தான். 13-ஆம் நூற்றாண்டு அணைக்கட்டின் காலடியில் இன்றைக்கு சர்வர் ஓடுகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலம் இது. அதனால் சொல்கிறேன்.

1. சர்வர் செத்தால் எது நிற்கும், எது ஓடும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் பம்பை ஓட்டுவது பிஎல்சி. சர்வர் அதை வேடிக்கை பார்க்கிறது, பதிவு செய்கிறது, ஆபரேட்டரின் கட்டளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சர்வர் நின்றாலும் பம்பு ஓடும். நமக்குத்தான் கண் தெரியாது. கண் தெரியாமல் எத்தனை நேரம் ஓட்டலாம்? தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இடத்தில் அரை மணி நேரம் தாங்கும். கொதிகலன் இருக்கும் ஆலையில் ஐந்து நிமிடம்கூட யாரும் பொறுக்க மாட்டார்கள். இந்த எண் தெரியாமல் எந்த சர்வர் வாங்குவது, எத்தனை வாங்குவது என்று பேசுவது வீண்.

அந்தத் தாளை எழுதும்போது ஒரு பகீர் கண்டுபிடிப்பும் நடக்கும். சர்வர் வழியாகப் போகக் கூடாத ஏதோ ஒன்று சர்வர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அடுக்கடுக்காகத் தண்ணீர் ஏற்றும் எந்தத் திட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலையத்தில் பம்பு டிரிப் ஆனால் முதல் நிலையம் உடனே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவதன் சம்ப் நிரம்பி வழியும். இந்தச் செய்தி பிஎல்சியிலிருந்து பிஎல்சிக்கு நேராகப் போக வேண்டும். புரோகிராம் எழுத வந்தவர் அவசரத்தில் சர்வரில் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி முடித்திருப்பார், ஏனென்றால் அது சுலபம். சர்வர் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அதைக் கீழே பிஎல்சிக்கு இறக்குங்கள். சம்ப்பில் ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்றும் தனியாகத் தொங்கட்டும். இரண்டாவது சர்வருக்குப் பணம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.

2. இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று தேடுங்கள்.

ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர் மோட்டார் எரிந்தால் தப்பித்துக்கொள்வார். கிணறு வற்றினால் இரண்டும் சும்மாதான் தொங்கும். சர்வரிலும் அதே கதை.

கணக்காகவே பார்த்துவிடுவோம். ஒரு சர்வர் 99 சதவீத நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், அதில் 87.6 மணி நேரம் நிற்கும். மூன்றரை நாளுக்கு மேல். அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பழுதாகும் என்று எடுத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நிற்கும் நேரம் ஆண்டுக்கு 53 நிமிடம். விற்க வருகிறவர் இந்த 53 நிமிடத்தைத்தான் ஸ்லைடில் பெரிய எழுத்தில் போடுவார். ஆனால் பழுதுகளில் பத்தில் ஒன்று இரண்டையும் சேர்த்து அடிக்கிற பழுது என்றால்? ஒரே யுபிஎஸ், ஒரே ஸ்விட்ச், ஒரே ஏசி என்று ஏதோ ஒன்று. அப்போது நிற்கும் நேரம் ஒன்பது மணியைத் தாண்டிவிடும். 53 நிமிடம் எங்கே, ஒன்பது மணி எங்கே! மூன்றாவது சர்வர் வாங்கினாலும் அந்த ஒன்பதில் பெரிதாக எதுவும் குறையாது, ஏனென்றால் அந்த நேரம் கிட்டத்தட்ட முழுக்கப் பொதுப் பழுதின் கணக்கில் இருக்கிறது. பணத்தை மூன்றாவது பெட்டியில் போடாமல் அந்தப் பொது இடத்தைப் பிரிப்பதில் போடுங்கள்.

பொதுவாக வைத்திருப்பது எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது. அன்றைக்கு நம் தென் மண்டல கிரிட் மற்ற மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் கட்டப்படாமல், டிசி இணைப்புகள் வழியாக மட்டும் கரண்ட் வாங்கிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ரெய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாக நாமும் ஒன்றாகக் கோத்துக்கொண்டோம். அதனால் பற்றாக்குறை நேரத்தில் வடக்கிலிருந்து கரண்ட் வாங்குவது சுலபமானது. நன்மை பெரியதுதான். கூடவே அவர்கள் கஷ்டமும் இனி நம்முடையது. சேர்ப்பதா பிரிப்பதா என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும். தெரியாமலே சேர்ந்து கிடப்பதுதான் ஆபத்து.

3. ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போங்கள்.

டிராயிங்கை நம்பாதீர்கள். ரேக்கின் பின்பக்கம் போய் மண்டி போட்டு உட்காருங்கள். நல்ல சர்வர் ஒவ்வொன்றிலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும், இரண்டு கார்டு தொங்கும். ஒன்று ஏ யுபிஎஸ்ஸுக்கும் இன்னொன்று பி யுபிஎஸ்ஸுக்கும் போக வேண்டும். முதல் கார்டைப் பிடித்துக்கொண்டு பவர் ஸ்ட்ரிப் வரை, அங்கிருந்து யுபிஎஸ் வரை, யுபிஎஸ் பின்னால் இன்புட் கேபிளைப் பிடித்து டிபி வரை, எந்த எம்சிபி என்று எண் பார்க்கும்வரை விடாமல் போங்கள். அப்புறம் இரண்டாவது கார்டு.

திருப்பூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பார்த்தது இது. ரேக் அப்படி ஒரு அழகு. ஏ பக்கம் சிவப்பு டேப், பி பக்கம் நீல டேப், இரண்டு யுபிஎஸ், எல்லாம் முறைப்படி. ஆனால் இரண்டு யுபிஎஸ்ஸுக்கும் இன்புட் ஒரே டிபியில் ஒரே எம்சிபியிலிருந்து போயிருந்தது. ஏசி ரிப்பேருக்கு வந்தவர் அந்த எம்சிபியை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு யுபிஎஸ்ஸும் பேட்டரிக்கு மாறின. இரண்டிலும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயது பேட்டரி. கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டும் படுத்தன. சிவப்பு டேப்பும் நீல டேப்பும் கடைசிவரை பிரிந்தேதான் இருந்தன.

பேட்டரியை இரண்டு தவணையாக மாற்றுங்கள். ஏ பக்கத்துக்கு இந்த வருஷம், பி பக்கத்துக்கு அடுத்த வருஷம். கணக்குப் பிரிவில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

4. நெட்வொர்க்குக்கும் இதேதான்.

ரிங்காகப் போட்ட ஃபைபர், ஒரு இடத்தில் வெட்டுப்பட்டால் மறுபக்கம் சுற்றி வரும். ஆனால் போகிற ஃபைபரும் வருகிற ஃபைபரும் ஒரே குழியில் ஒரே பைப்பில் கிடந்தால் ஜேசிபி ஒரு வாளியில் இரண்டையும் அள்ளிவிடும். நம் ஊரில் ரோடு அகலப்படுத்தாத மாதம் எது? ஒன்று ரோட்டோரம் போனால் மற்றது வேறு வழியாகப் போகட்டும், இல்லையென்றால் ரேடியோவிலோ மொபைல் சிம்மிலோ போகட்டும்.

மாறுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் முறைக்கு முறை வேறு. சாதாரண ஸ்விட்ச்சுகளில் இருக்கும் ஆர்எஸ்டிபி சில நேரம் நொடிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எம்ஆர்பி என்ற ரிங் முறை 200 மில்லி செகண்டுக்குள் முடிக்கும் என்று தரநிர்ணயம். பிஆர்பி ஒவ்வொரு செய்தியையும் இரண்டு தனி நெட்வொர்க்கில் ஒரே சமயம் அனுப்புவதால் மாறும் நேரம் என்றே ஒன்று இல்லை. குளத்து மட்டம் பார்க்க ஆர்எஸ்டிபியே தாராளம். துணை மின்நிலையப் பாதுகாப்புக்கு பிஆர்பி வேண்டும். விலை உயர்ந்ததை எல்லா இடத்திலும் போடச் சொல்கிறவரிடம் முதல் அறிவுரையில் எழுதிய தாளைக் காட்டுங்கள்.

5. இருவரும் முதலாளி ஆகிவிடாமல் பாருங்கள்.

ஹாட் ஸ்டாண்ட்பையில் ஏ வேலை செய்யும், பி அதன் ஹார்ட்பீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் பி எழுந்து பொறுப்பெடுக்கும். சரி, ஏ நன்றாகவே இருக்கிறது, நடுவில் இருக்கும் கேபிள் மட்டும் அறுந்துவிட்டது என்றால்? ஏ செத்துவிட்டது என்று பி நினைக்கும், பி போய்விட்டது என்று ஏ நினைக்கும். இரண்டும் பிஎல்சிக்குக் கட்டளை அனுப்பும். ஒன்று பம்பை ஓடச் சொல்லும், மற்றது நிறுத்தச் சொல்லும். இரண்டும் நின்றுபோவதைவிட இது மோசம்.

ஹார்ட்பீட்டுக்கு இரண்டு வழி கொடுங்கள். ஒன்று நெட்வொர்க்கில், இன்னொன்று சர்வருக்கும் சர்வருக்கும் நேராக ஒரு கேபிள். முடிந்தால் மூன்றாவதாக ஒரு சாட்சி, சின்னக் கம்ப்யூட்டர் போதும், வேறு இடத்தில் இருக்கட்டும். யார் பக்கம் இரண்டு ஓட்டு இருக்கிறதோ அவரே முதலாளி. பிஎல்சியிலும் ஒரே ஒருவருடைய கட்டளையை மட்டும் ஏற்கிற மாதிரி நாலு வரி எழுதிவிடுங்கள்.

6. ஸ்டாண்ட்பை செத்தால் கத்த வேண்டும். அலாரம் செத்தாலும் கத்த வேண்டும்.

2003 ஆகஸ்ட் 14-ஐப் பற்றித் தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூம். மதியம் 2:14-க்கு அவர்களுடைய கணினியில் அலாரம் புரோகிராம் உறைந்துபோனது. மென்பொருளில் ஒரு புதைந்த பிழை. திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது, புது அலாரம் மட்டும் வரவில்லை. அலாரம் வரவில்லையே, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று ஆபரேட்டர்கள் இருந்துவிட்டார்கள். 2:41-க்கு அந்த மெயின் சர்வர் விழுந்தது. ரிடண்டன்சி சொன்னபடி வேலை செய்தது. எல்லாப் புரோகிராமும் ஸ்டாண்ட்பைக்கு மாறின, உறைந்துகிடந்த அலாரம் புரோகிராமும் சேர்த்து. 13 நிமிடத்தில், 2:54-க்கு, அதுவும் விழுந்தது. சர்வர் விழுந்த தகவல் ஐடி ஆட்களுக்குத் தானாகப் போனது. அவர்கள் 3:08-க்கு ரீபூட் செய்து சர்வரை எழுப்பினார்கள். சர்வர் ஓடுகிறது, வேலை முடிந்தது. அலாரம் வருகிறதா என்று கன்ட்ரோல் ரூமில் இருப்பவரிடம் அவர்கள் கேட்கவில்லை, கன்ட்ரோல் ரூமுக்கு யாரும் சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் வெளியே 345 கிலோவோல்ட் லைன்கள் மரத்தில் உரசி ஒவ்வொன்றாக டிரிப் ஆகிக்கொண்டிருந்தன. மாலை நாலே கால் மணிக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை.

அங்கே சர்வருக்குப் பஞ்சமில்லை. மெயின் போனபோது ஸ்டாண்ட்பை வந்தது. வந்தது நோயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது.

ஆகவே மூன்று வேலை செய்யுங்கள். ஸ்டாண்ட்பை உயிரோடு இருக்கிறதா என்ற விளக்கை ஆபரேட்டர் முகத்துக்கு நேரே, மெயின் திரையிலேயே வையுங்கள். எங்கோ மூன்றாவது மெனுவுக்குள் வேண்டாம். இரண்டாவது, பிஎல்சியில் ஒரு எண்ணை நொடிக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போகச் சொல்லி அதைத் திரையின் மூலையில் காட்டுங்கள். எண் நின்றுவிட்டால் திரையில் இருப்பது பழைய படம். மூன்றாவது, ஷிப்டுக்கு ஒரு தரம் ஒரு டெஸ்ட் அலாரம் வரட்டும். வராவிட்டால் ஆபரேட்டர் போன் எடுக்க வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். சர்வரைச் சரிசெய்த ஐடி தம்பி கன்ட்ரோல் ரூமுக்கு நடந்து வந்து, “அலாரம் வருதுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வேலை முடிந்ததாக எழுத வேண்டும்.

7. மாற்றிப் பார்க்காத ஸ்டாண்ட்பையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

“ஓடறதை எதுக்குங்க தொந்தரவு பண்ணோணும்?” என்று மேனேஜர் கேட்பார். நியாயமான கேள்விதான், அவருக்கு உற்பத்தி. அதனால் அவரிடம் நாள் கேட்காமல் நாளோடு போங்கள். சர்க்கரை ஆலையானால் அரவை முடிந்த பருவம். பாசனத் திட்டமானால் தண்ணீர் அடைத்த காலம். நூற்பாலைக்கு வருஷத்தில் கிடைப்பது தீபாவளி, பொங்கல் விடுமுறைகள்தான். ஷட்டவுனில் வெற்றாக ஒரு தரம் செய்து பழகிவிட்டு, ஆபரேட்டர்களுக்குத் தைரியம் வந்தபின் லோடு ஓடும்போது ஒரு தரம்.

மெனுவில் போய் ‘ஸ்விட்ச்ஓவர்’ பட்டனை அமுக்குவது சோதனை ஆகாது. அப்படி அமுக்கும்போது ஏ சர்வர் பவ்யமாகப் பொறுப்பை ஒப்படைக்கும். உண்மையில் பழுதாகும்போது யாரும் ஒப்படைத்துவிட்டுச் சாவதில்லை. ஒரு தரம் பவர் கார்டைப் பிடுங்குங்கள். இன்னொரு தரம் பவரை விட்டுவிட்டு நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கட்டும். ஆபரேட்டர் திரை எத்தனை நொடி உறைந்தது, எந்தத் திரை திரும்பி வரவே இல்லை என்று குறியுங்கள்.

முதல் தடவை செய்யும்போது வரும் பட்டியல் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இருக்கும். லைசென்ஸ் டாங்கிள் ஏ சர்வரின் யுஎஸ்பியில் மட்டும் செருகியிருக்கும். பி இரண்டு மணி நேரம் டெமோவாக ஓடிவிட்டு நின்றுவிடும். அலாரம் ஹார்ன் ஏ சர்வரின் சீரியல் போர்ட்டில் இருக்கும், பி ஓடும்போது ஊமை. எஸ்எம்எஸ் மோடமும் அங்கேயே. யாரோ ஒருவர் தினசரி ரிப்போர்ட்டை ஏ சர்வரின் டெஸ்க்டாப்பில் எக்செல்லில் போட்டு வைத்திருப்பார். வேபிரிட்ஜ் கம்ப்யூட்டர் ஏ-வின் ஐபி முகவரியை மட்டும் தெரிந்து வைத்திருக்கும். இதில் ஒன்றுகூட டிராயிங்கில் இருக்காது. கார்டைப் பிடுங்கினால்தான் தெரியும்.

மாற்றியபின் உடனே ஏ-வுக்குத் திரும்பாதீர்கள். ஒரு மாதம் பி-யிலேயே ஓடட்டும். தானாகத் திரும்பும்படியும் வைக்காதீர்கள். அரைகுறையாக எழுந்த ஏ பொறுப்பை வாங்கி, மறுபடி விழுந்து, மறுபடி எழுந்து என்று விடியவிடிய ஊஞ்சலாடும். திரும்புவது ஆள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

8. ஒரே இரவில் இரண்டுக்கும் அப்டேட் போடாதீர்கள்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே 40 நொடிக்குள் வெடித்தது. திசை காட்டும் கருவி இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள், ஏரியான் 4-இலிருந்து எடுத்துப் போட்டது. ஒரு எண் அது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. ஸ்டாண்ட்பை முதலில் நின்றது, கண் இமைக்கும் நேரத்தில் மெயினும் அதே காரணத்தால் நின்றது. 2024 ஜூலை 19 உங்களுக்கே நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மெயின், ஸ்டாண்ட்பை என்று அது பார்க்கவில்லை.

பி-க்கு முதலில் போடுங்கள், அதை மெயினாக்கி ஒரு வாரம் ஓட்டுங்கள், அப்புறம் ஏ. இரண்டு வெர்ஷன் ஜோடியாக ஓடுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில மென்பொருள் ஓடாது. ஆன்டிவைரஸ் தானாக அப்டேட் ஆவதை கன்ட்ரோல் சர்வர்களில் நிறுத்தி, கையால் போடும்படி வையுங்கள்.

9. வர்ச்சுவல் மெஷின் இரண்டு வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால், எத்தனை இரும்புப் பெட்டியில் என்று கேளுங்கள். ஒரே பெட்டி என்றால் ரிடண்டன்சி காகிதத்தில்தான்.

10. ரிடண்டன்சி வேறு, பேக்கப் வேறு.

ஏ-வில் அழித்தால் பி-யிலும் அழியும், அதற்குத்தானே இரண்டையும் கோத்திருக்கிறோம்! 2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை நாட்பெட்யா வைரஸ் தாக்கியபோது, ஒன்றுக்கொன்று நகலாக உலகம் முழுக்க வைத்திருந்த டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் ஒன்றாக அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது, கானா நாட்டில். தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் கட். இணைப்பில் இல்லாததால் பிழைத்தது. அதை வைத்துத்தான் மற்றவற்றை எழுப்பினார்கள். மின்வெட்டை வாழ்த்தியவர்கள் உலகத்தில் அவர்களாகத்தான் இருக்கும்.

நாம் மின்வெட்டை நம்ப வேண்டியதில்லை. மாதம் ஒரு தரம் முழு நகலை எடுத்து, டிஸ்கைக் கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். பிஎல்சி புரோகிராம், ஸ்விட்ச் கான்ஃபிகரேஷன், லைசென்ஸ் ஃபைல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் அதிலிருந்து ஒரு வெறும் கம்ப்யூட்டரை எழுப்பிக் காட்டுங்கள். எழாத நகலும் தூசியும் ஒன்று.

11. மாறும் நொடிகளில் ரீடிங் தொலையக் கூடாது.

இதைச் சின்ன விஷயம் என்று விடுவார்கள். சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தால் தெரியும், ரீடிங்கில் ஓட்டை விழுந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். களத்தில் ரீடிங் எடுக்கும் ஆர்டியு தன்னிடமே அதை நேரத்தோடு சேமித்து, சர்வர் வந்தபின் அனுப்பும்படி அமையுங்கள். இரண்டு சர்வருக்கும் பிஎல்சிக்கும் ஒரே ஜிபிஎஸ் கடிகாரம். நேரம் ஒத்துப்போகாவிட்டால் எது முதலில் டிரிப் ஆனது என்பதில் எலக்ட்ரிகலும் மெக்கானிகலும் ஒரு வாரம் சண்டை போடுவார்கள், நடுவில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

12. தூரம்.

ஒரே ரூமில் இரண்டும் இருந்தால் தீயும் தண்ணீரும் இரண்டுக்கும் பொது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு போதும். நாட்டின் தேசிய லோடு டெஸ்பாட்ச் சென்டர் டெல்லியில். அதற்கு மாற்று கொல்கத்தாவில். ஆலைக்கு அவ்வளவு தேவையில்லை. வேறு கட்டடம், வேறு டிபி, தரையிலிருந்து இரண்டடி மேலே. அது போதும்.

13. ஆளுக்கும் ஸ்டாண்ட்பை வேண்டும்.

அதே வெள்ளத்தில், 2015 டிசம்பர் 2 அன்று, 1878-இல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளிதழ் முதல்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்பதுதான் காரணம்.

நம் இடங்களில் இதன் சின்ன வடிவம் பாஸ்வேர்டு. ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருப்பார். பாஸ்வேர்டை மூடிய உறையில் போட்டு, குறுக்கே கையெழுத்துப் போட்டு, பிளாண்ட் ஹெட்டின் பீரோவில் வையுங்கள். உறை கிழிந்தால் மாற்றிவிடுங்கள். சர்வர் மாற்றும் முறையைத் தமிழில், ஒரே பக்கத்தில், எந்த ஒயர் எந்த நிறம் என்று எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எழுதியவர் பக்கத்தில் நிற்காமல், இரவு ஷிப்ட் ஆபரேட்டர் அதைப் பார்த்து மாற்றிக் காட்ட வேண்டும். அவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். நன்றாக ஓட்டுகிற ஆபரேட்டரிடம் “உங்களுக்கு எதுக்குங்க அது” என்று சொல்லும் இன்ஜினியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே இருக்கப் போவது ஆபரேட்டர்தான், இன்ஜினியர் இல்லை.

லோக்கல்-ரிமோட் ஸ்விட்ச்சை லோக்கலில் போட்டு, கேஜைப் பார்த்து, கையால் பம்பு ஓட்டத் தெரிந்தவர் ஷிப்டுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். பழைய ஆட்கள் ஓய்வு பெறுவதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

14. தேவையில்லாத இடத்தில் செலவு வைக்காதீர்கள்.

ஒரு அரிசி ஆலைக்கோ, நாலு போர்வெல் இருக்கிற பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கோ இரட்டை சர்வர் கேட்டு எஸ்டிமேட் போடாதீர்கள். அங்கே பிஎல்சி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், சர்வர் ஒரு நாள் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. அந்தப் பணத்தில் ஸ்பேர் பிஎல்சி ஒன்று, பவர் சப்ளை ஒன்று, ஸ்விட்ச் ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தால் அதுதான் கை கொடுக்கும். கூடவே ஒரு பழைய லேப்டாப்பில் அதே மென்பொருளையும் அதே புரோகிராமையும் ஏற்றி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து, பிஎல்சியோடு இணைத்து ஓட்டிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மாற்றிவிட்டு, தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டித் திரும்ப உள்ளே வையுங்கள்.